சாரிசார்ட் வருது மாமா! கார்டு விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

2025 அக்டோபரில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். நவம்பர் 14 அன்று வெளியாகும் போக்கிமான் கார்டு விளையாட்டின் புது செட் (ஒரே பெயரில் ஒன்றாக வெளியாகும் கார்டுத் தொகுதி), ‘ஃபாண்டாஸ்மல் ஃப்ளேம்ஸ்’. நெருப்பு கக்கும் போக்கிமானான சாரிசார்டின் பலம் கூடிய வடிவம், ‘மெகா சாரிசார்ட் எக்ஸ்’, அதில் வருகிறது. அன்றைக்குக் குழந்தைகள் தினமும் கூட. பிள்ளைகள் இப்போதே வீட்டில் அரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பெற்றோர் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. எழுதியவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள், அதனால் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நாகர்கோவில் வடசேரியில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் சின்ன ஆஃப்செட் பிரஸ் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. பேப்பர் கட்டு பிரிக்கும் பெரிய மேசையில் அன்றைக்குத் தெருப்பிள்ளைகளோடு கார்டு விளையாட்டு நடக்கும்.

தக்கலை, ஒன்பதாம் வகுப்பு மாணவன்: “மாமா, செட் இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள எந்தக் கார்டு என்ன செய்யும்னு எங்க கிளாஸ்ல பயலுவ சொல்லுகானுவ. நம்பலாமா?”

பெரும்பாலும் நம்பலாம் மக்களே. இந்த விளையாட்டு பிறந்தது ஜப்பானில், 1996-ல். இன்றும் புதுக் கார்டுகள் பெரும்பாலும் முதலில் அங்கேதான் வெளியாகின்றன. ஆகஸ்ட் 1 அன்று அங்கே ‘மெகா பிரேவ்’, ‘மெகா சிம்ஃபோனியா’ என்று இரண்டு செட் வந்தன. அவைதான் செப்டம்பர் 26-ல் ஆங்கிலத்தில் ‘மெகா எவல்யூஷன்’ என்ற பெயரில் நம் கைக்கு வந்தன. அதே செப்டம்பர் 26-ல் ஜப்பானில் ‘இன்ஃபெர்னோ எக்ஸ்’ வந்தது. நவம்பரில் வரும் ஆங்கில செட்டின் பெரும்பகுதி அதிலிருந்துதான். ஆக, ஆங்கிலக் கார்டு வாங்கும் நமக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்கூட்டியே பரீட்சைத் தாள் கிடைத்த மாதிரி.

ஆனால் யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்துப் போட்டதை மட்டும் வைத்து டெக் (ஆட்டத்துக்கு எடுத்துச் செல்லும் கார்டுக் கட்டு) கட்டாதே. ‘இந்தப் போக்கிமானிடம் உள்ள எனர்ஜி’ என்பதும் ‘உன்னுடைய போக்கிமான்களிடம் உள்ள எனர்ஜி’ என்பதும் ஒரு சொல் வித்தியாசம்தான் (எனர்ஜி என்பது அட்டாக்குக்காகப் போக்கிமானோடு ஒட்டும் சக்திக் கார்டு). ஆட்டத்தில் அது தலைகீழ் மாற்றம். கம்பெனி வெளியிட்ட ஆங்கிலக் கார்டின் படம் வந்ததும் ஒருமுறை வரிக்கு வரி படித்துக்கொள்.

இந்த இடைக்காலத்தை நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் காசு செலவழிக்காமல் விளையாடலாம். எங்கள் பிரஸ்ஸில் கட்டிங்கில் மிஞ்சும் ஆர்ட் அட்டைத் துண்டுகளை 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன், அசல் கார்டின் அளவு அதுதான். அதில் பேனாவால் பெயர், உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்), அட்டாக் எல்லாம் எழுதி, ஒரு பழைய கார்டின் முன்னால் வைத்து ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் சொருகிவிடுவோம். போட்டிகளில் இது செல்லாது. வீட்டில் தாராளமாக ஆடலாம். பிள்ளைகள் முதல் ஆட்டத்தில் ‘இது இல்லாமல் முடியாது’ என்ற கார்டை நாலாவது ஆட்டத்தில் அவர்களே டெக்கிலிருந்து எடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உன் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருக்குமே, அதை வெட்டினால் போதும்.

கோட்டாறு, கல்லூரி மாணவர்: “மெகா சாரிசார்ட் எக்ஸ் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு பலமா, அல்லது படம் அழகாக இருப்பதால் வரும் ஆரவாரமா? என்னிடம் பழைய சாரிசார்ட் டெக் இருக்கிறது.”

நல்ல கேள்வி. உங்களிடம் பழைய டெக் இருப்பதால் இதை விரிவாகவே பார்க்கலாம்.

கார்டில் இருப்பது இதுதான். உயிர்ப்புள்ளி 360. ‘இன்ஃபெர்னோ எக்ஸ்’ என்ற அட்டாக்குக்கு நெருப்பு எனர்ஜி இரண்டு வேண்டும். உங்கள் போக்கிமான்கள் யாரிடம் இருந்தாலும் சரி, எத்தனை நெருப்பு எனர்ஜியைக் கழித்து வீசுகிறீர்களோ, ஒவ்வொன்றுக்கும் 90 அடி. மூன்று வீசினால் 270, நான்கு வீசினால் 360. களத்தில் இன்றைக்கு நிற்கும் பெரிய தலைகளில் 360-ஐத் தாங்கி நிற்பது அரிது. ஆக, இந்தக் கார்டின் கேள்வி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு முறையும் நான்கு எனர்ஜி எங்கிருந்து வரும்? விதிப்படி நம் ஆட்ட முறை ஒன்றுக்குக் கையிலிருந்து ஒரு எனர்ஜிதான் ஒட்டலாம்.

இங்கேதான் உங்கள் பழைய டெக் உதவுகிறது. 2023 ஆகஸ்டில் ‘அப்சிடியன் ஃப்ளேம்ஸ்’ செட்டில் வந்த சாரிசார்ட் இஎக்ஸ் நினைவிருக்கிறதா? கையிலிருந்து அதை இறக்கிப் பரிணமிக்க வைத்ததும், டெக்கில் தேடி மூன்று நெருப்பு எனர்ஜி வரை எடுத்து, விரும்பியபடி பங்கிட்டு ஒட்டலாம். பெயர் வேறு வேறு என்பதால் இரண்டையும் ஒரே டெக்கில் வைக்கலாம். இரண்டும் ஒரே சார்மாண்டரில் தொடங்கி, ஒரே சார்மீலியன் வழியாகத்தான் வளர்கின்றன. பழைய சாரிசார்ட் பெஞ்சில், அதாவது அடிக்கும் ஆளுக்குப் பின்னால் காத்திருக்கும் வரிசையில், உட்கார்ந்து மூன்று எனர்ஜி தரும், அந்த முறைக்குக் கையிலிருந்து ஒட்டுவது ஒன்று, மொத்தம் நான்கு. அதில் இரண்டு மெகாவிடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அட்டாக்குக்கும் ஆயிற்று, வீசுவதற்கும் ஆயிற்று. வீசும் எனர்ஜி பெஞ்சில் இருப்பதாகவும் இருக்கலாம் என்ற அந்தச் சொல்தான் இந்த வழியைத் திறந்துவிடுகிறது.

இனி அதன் பலவீனம். இந்த வரிசையில் வரும் மெகா கார்டு ஒன்று வீழ்ந்தால் எதிராளி மூன்று பரிசுக் கார்டு எடுப்பார். தொடக்கத்தில் ஒதுக்கி வைப்பது மொத்தமே ஆறுதான், அதை முதலில் எடுத்து முடிப்பவருக்கே வெற்றி. இரண்டு மெகா விழுந்தால் ஆட்டம் முடிந்தது. நீர் வகை அதற்கு எதிரி, அடி இரட்டிப்பாகும், 180 அடி விழுந்தாலே 360-ம் காலி. நீர் டெக் வைத்திருக்கும் ஒருவரோடு பத்து நிமிடம் ஆடிப்பாருங்கள், எனர்ஜி எல்லாவற்றையும் முதல் அடியிலேயே வீசிவிட்டு இரண்டாவது முறைக்குக் கைகட்டி நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

என் கணிப்பு: கார்டு பலமானதுதான். ஆனால் இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை அடிக்கக்கூடிய டெக் இது. அதனால் எப்போது அடிப்பது என்று பொறுமையாக யோசிப்பவர் கையில்தான் வெல்லும். மெகா சாரிசார்டை நான்கு வைக்க வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள். சார்மாண்டரில் கஞ்சத்தனம் வேண்டாம், நான்கும் வையுங்கள். 60 கார்டு டெக்கில் ஒரு கார்டு நான்கு இருந்தால், முதலில் எடுக்கும் ஏழு கார்டில் அது ஒன்றாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். ஒன்றே ஒன்று வைத்தால், அது பரிசுக் கார்டு ஆறுக்குள் போய் மாட்டிக்கொள்ளவே பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று. பழைய சாரிசார்டின் இடது கீழ் மூலையில் ‘ஜி’ என்ற எழுத்து இருக்கும். 2025-ல் ஸ்டாண்டர்டு போட்டிகளில், அதாவது அண்மைக் காலக் கார்டுகள் மட்டும் செல்லும் முறையில், ஜி, எச், ஐ எழுத்துகள் செல்லுபடியாயின. 2025 ஏப்ரலில் எஃப் வெளியேறியது, அடுத்த வரிசையில் நின்றது ஜி. ஆக, இந்த ஜோடி நீண்ட நாள் ஓடாது. போட்டியில் ஆடுவதானால் இன்னும் செல்லுகிறதா என்று பார்த்து ஆடுங்கள், புதிதாகப் பணம் போட்டுப் பழைய கார்டை வாங்கிச் சேர்க்காதீர்கள்.

குளச்சல் வாசகர்: “சவூதியில் வேலை பார்த்த அண்ணன் வந்தபோது கொண்டுவந்த மெகா சாரிசார்ட் கார்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 2014 என்று போட்டிருக்கிறது. புது செட்டோடு சேர்த்து ஆடலாமா?”

அது ‘ஃப்ளாஷ்ஃபயர்’ செட்டாக இருக்க வேண்டும், 2014 மே மாதம் வந்தது. ஸ்டாண்டர்டில் ஆட முடியாது. ‘எக்ஸ்பாண்டட்’ முறையில் பிளாக் அண்ட் ஒயிட் காலத்திலிருந்து வந்த கார்டுகள் செல்லும், அதில் ஆடலாம்.

அந்தக் காலத்து மெகாவுக்கும் இப்போதையதற்கும் விதியே வேறு. அப்போது மெகாவாக மாறிய உடனே உங்கள் முறை முடிந்துவிடும், எதிராளிக்கு ஒரு இலவச வாய்ப்பு. அதைத் தவிர்க்கத் தனியாக ஒரு கார்டு வைக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தண்டனை இல்லை, அதற்குப் பதில் மூன்று பரிசு. என்னைக் கேட்டால் இப்போதையதுதான் நல்ல வடிவமைப்பு. விலை கொடுப்பது விழும்போதுதான், எழும்போது கிடையாது. அண்ணன் தந்ததை ஸ்லீவில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

மார்த்தாண்டம், ஒரு அம்மா: “திருவிழாக் கடையில் மகன் தங்கக் கலர் கார்டு பாக்கெட் வாங்கினான். இன்னும் வெளிவராத மெகா சாரிசார்ட் அதில் இருக்கிறது என்று குதிக்கிறான். உண்மையாக இருக்குமா சார்?”

இருக்காதும்மா. முழுக்கத் தங்க நிறத்தில், பிளாஸ்டிக் தகடு போல, ஒரே டப்பாவில் ஐம்பது சொச்சம் கார்டு என்று வருவதெல்லாம் போலி. படத்தை எங்கிருந்தோ எடுத்து அடித்துவிடுகிறார்கள். தம்பியைத் திட்ட வேண்டாம், அவன் ஆசைப்பட்டது நியாயமான ஆசைதான்.

போலியைக் கண்டுபிடிப்பது என் தொழிலுக்குள் வரும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரஸ்ஸில் கலர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன லென்ஸ் வைத்திருப்போம். அதை கார்டின் படத்தின் மேல் வைத்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாகத் தெரியும். அது அசலிலும் உண்டு, போலியிலும் உண்டு. பார்க்க வேண்டிய இடம் எழுத்து. அசல் கார்டில் கறுப்பு எழுத்தைக் கறுப்புப் பிளேட்டே தனியாக அடிக்கும், விளிம்பு கத்தி வைத்து வெட்டினது போல நிற்கும். அசலை ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் புள்ளிப் புள்ளியாகச் சிதறியிருக்கும், ஓரம் பிசிறடிக்கும். எங்களிடம் யாராவது பழைய பத்திரிகையைக் கொண்டுவந்து ‘இதையே அப்படியே அடிச்சித் தாங்க’ என்று கேட்டால் நடப்பதும் இதுதான்.

லென்ஸ் இல்லையென்றால் இரவில் செல்போன் டார்ச்சைக் கார்டின் பின்னால் பிடியுங்கள். அசலின் நடுவில் ஒரு கறுத்த அடுக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள், வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. போலி பெரும்பாலும் சாதாரண அட்டை, பளிச்சென்று தெரியும். அசல் கார்டு ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது. பின்பக்க நீலம் வெளுத்திருக்கிறதா, போக்கிமான் என்ற ஆங்கிலப் பெயரில் ‘ஈ’ எழுத்தின் மேல் சின்னச் சாய்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை உயர்ந்த முழுப்படக் கார்டுகளில் விரலால் தடவினால் ரேகை போல மெல்லிய கோடுகள் தட்டுப்படும். போலி வழுவழுவென்றிருக்கும்.

அந்தத் தங்கக் கார்டுகளை வைத்து வீட்டில் விளையாடட்டும், தப்பே இல்லை. அடுத்தவரிடம் மாற்றிக்கொள்ள மட்டும் விடாதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா வருகிறது, அதற்குள் அவனுக்கு இந்த டார்ச் வித்தையைச் சொல்லிக்கொடுங்கள். இனி வாங்குவதற்கு முன் அவனே பார்ப்பான்.

கருங்கல், ஒரு தகப்பனார்: “முன்பதிவிலேயே ஒரு முழுப் பெட்டி வாங்கிப் பிரிக்காமல் வைத்தால் பிறகு நல்ல விலைக்குப் போகும் என்று மகன் சொல்கிறான். வாங்கித் தரலாமா?”

வேண்டாம் என்பதுதான் என் பதில். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஒரு பெட்டியில் 36 பாக்கெட், பாக்கெட்டுக்குப் பத்து கார்டு. எதிர்பார்க்கும் அந்த ஒரு சாரிசார்ட் அதில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இருபது பாக்கெட்டில் வரவில்லை என்பதற்காக இருபத்தொன்றாவது பாக்கெட் நமக்குக் கடன்பட்டிருக்காது. பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் மனம் வழுக்குகிறது. பெரியவர்களுக்கும்தான். பிரிக்காமல் வைத்து விற்பது என்பது வியாபாரம். அதற்குப் பில், சேமிப்பு இடம், விற்கத் தெரிந்த சந்தை எல்லாம் வேண்டும். 2025 ஜனவரியில் ‘பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ்’ செட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது, உடனே மறுபடி அச்சடித்து அனுப்புவோம் என்று கம்பெனி அறிவித்தது. அச்சடிக்கும் மெஷின் அவர்களிடம் இருக்கிறது. எதை எத்தனை அடிப்பார்கள் என்பது அவர்கள் கையில். அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதால் இது எனக்கு நன்றாகப் புரியும்: தாளும் பிளேட்டும் இருந்தால் இன்னொரு பத்தாயிரம் அடிக்க ஒரு ராத்திரி போதும்.

மகனுக்கு விளையாட ஆசை என்றால் வழி இருக்கிறது. வெளியான முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள், புது செட்டின் தனிக் கார்டுகள் அப்போதுதான் உச்ச விலையில் நிற்கும். நிறையப் பேர் பாக்கெட் பிரிக்கப் பிரிக்க விலை இறங்கும். அதுவரை பேனாவால் எழுதிய கார்டுகளோடு ஆடட்டும். பிறகும் டெக்குக்கு எது வேண்டுமோ அந்தக் கார்டை மட்டும் ஒற்றையாக வாங்கிக் கொடுங்கள். பிரிக்கிற மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு வேண்டும், அதை நான் மறுக்க மாட்டேன். அதற்குக் குழந்தைகள் தினத்தன்று ஒரு பாக்கெட், இரண்டு பாக்கெட். அன்றைக்கு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அவன் ஒவ்வொரு கார்டைப் பற்றியும் சொல்வதைக் கேளுங்கள்.

பூதப்பாண்டி மாணவி: “போனில் ‘போக்கிமான் டிசிஜி பாக்கெட்’ ஆப்பில் விளையாடுகிறேன். அதில் பழகினால் அட்டை விளையாட்டு வந்துவிடுமா?”

பாதி வரும். அந்த ஆப்பில் டெக் 20 கார்டு, ஒரே பெயரில் இரண்டுதான், எனர்ஜி டெக்கிலேயே கிடையாது, மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. அட்டை விளையாட்டில் 60 கார்டு, ஒரே பெயரில் நான்கு, எனர்ஜியும் டெக்குக்குள்ளேயே. புது செட்டை அசல் விதிகளோடு பழக ‘டிசிஜி லைவ்’ என்ற இன்னொரு இலவச ஆப் இருக்கிறது, அதில் ஆடு மக்களே. கடையில் வாங்கும் கார்டு பாக்கெட்டுக்குள் வரும் குறியீட்டு எண் அட்டை (கோட் கார்டு) அந்த லைவ் ஆப்புக்குத்தான், தூக்கிப் போட்டுவிடாதே.

முட்டம் வாசகர்: “கடற்கரைப் பக்கம் வீடு. பளபளக்கும் கார்டுகள் எல்லாம் வளைந்துவிடுகின்றன. புதுக் கார்டுகளையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.”

பளபளப்புக் கார்டின் ஒரு பக்கம் ஃபாயில், மறு பக்கம் காகிதம். காற்றில் ஈரம் கூடினால் காகிதம் உறிஞ்சி விரியும், ஃபாயில் விரியாது. அதனால் கார்டு படம் உள்ள பக்கமாகக் குழியும். நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, இந்த செட் வருவதே அந்த இரண்டாவது மழைக்குள். பாக்கெட் பிரித்த உடனே ஸ்லீவில் போடுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு நேராக அடுக்குங்கள், இடம் மிஞ்சினால் வெறும் அட்டை வைத்து நிரப்புங்கள். ஏற்கெனவே வளைந்ததை வெயிலில் வைக்காதீர்கள், இஸ்திரிப் பெட்டி பக்கமே போகாதீர்கள். அதே டப்பாவுக்குள் வைத்து மேலே கனமான புத்தகத்தைச் சில நாள் வைத்தால் பெருமளவு நேராகும்.

ஆரல்வாய்மொழி மாணவர்கள் நால்வர்: “வெளியீட்டுக்கு முன்னால் ‘பிரீ-ரிலீஸ்’ போட்டி நடக்குமாமே? நாங்களும் நடத்தலாமா?”

நவம்பர் 1 முதல் கடைகளில் நடக்கத் தொடங்குகிறது. நம் மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே தேதி. ஆளுக்கொரு ‘பில்ட் அண்ட் பேட்டில்’ பெட்டி: நான்கு பூஸ்டர் பாக்கெட்டும், ஆடத் தயாரான கார்டுகளும், ஒரு சிறப்புக் கார்டும் இருக்கும். அதிலிருந்தே 40 கார்டு டெக் கட்டி, நான்கு பரிசுக் கார்டு வைத்து ஆட வேண்டும். பணக்காரப் பையனும் புதுப் பையனும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவார்கள், அதனால் இந்த வடிவம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

பெட்டி கிடைக்காவிட்டாலும் நடத்தலாம். நால்வரும் உங்கள் பழைய கார்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, ஆளுக்கு நாற்பது பிரித்துக்கொள்ளுங்கள். அடிப்படை எனர்ஜி எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் கார்டு யாருடையது என்று ஸ்லீவின் பின்னால் பென்சிலில் குறித்துக்கொண்டால் முடிவில் சண்டை வராது.

குழித்துறை வாசகி: “சாரிசார்டை விடுங்கள். இந்த செட்டில் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற நல்ல கார்டு எது?”

டான் என்ற பெண் பெயரில் வரும் ஆதரவுக் கார்டு. அதை ஆடினால் டெக்கில் தேடி அடிப்படைப் போக்கிமான் ஒன்று, முதல் நிலை ஒன்று, இரண்டாம் நிலை ஒன்று என்று மூன்றையும் கைக்கு எடுக்கலாம். சார்மாண்டர், சார்மீலியன், சாரிசார்ட் மூன்றும் ஒரே கார்டில். கையில் ஏற்கெனவே ‘ரேர் கேண்டி’ (நடு நிலையைத் தாண்டி நேராக இரண்டாம் நிலைக்கு ஏற்றும் கார்டு) இருந்து, போன முறையே சார்மாண்டரை இறக்கியிருந்தால் அந்த முறையிலேயே சாரிசார்டாக மாற்றிவிடலாம். சாரிசார்டுக்கு மட்டும் என்றில்லை, மூன்று படி ஏற வேண்டிய எந்தக் குடும்பத்துக்கும் உதவும். அதனால் அந்த மெகா கார்டு ஆட்டத்தை விட்டுப் போன பிறகும் இது உங்கள் டெக்கில் இருக்கும். ஆதரவுக் கார்டு முறைக்கு ஒன்றுதான் ஆடலாம், முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் ஆடவே முடியாது, அதை மட்டும் மறக்காதீர்கள். தோழி யாராவது பாக்கெட்டில் டான் வந்தது என்று சலித்துக்கொண்டால், உங்களிடம் மிச்சமிருக்கும் பளபளப்புக் கார்டு ஒன்றைக் கொடுத்து, இந்தக் கார்டு ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.